வெள்ளந்தியும் கேடியும்

அக்டோபர் 28, திங்கள்

காலை ஆறரைக்கு இரு கூண்டுகளிலும் உணவு மாற்றினேன். வெப்பம் 26. ஈரப்பதம் 71.

மேல்வீட்டுக்காரர் படியிறங்கும்போது, என் வீட்டிலிருந்து கடுகு நாற்றம் வருவதாக மிகுந்த பணிவோடு தெரிவித்தார். பூச்சிகளுக்கு உணவாகக் கடுகு நாற்று வளர்க்கும் வீட்டிலிருந்து மல்லிகை மணம் வராது என்று நானும் அதே பணிவோடு தெரிவித்தேன்.

புதிய குறிப்பேடு தொடங்கியிருப்பதால் விதியை மீண்டும் எழுதிவைக்கிறேன். இது பூச்சிகளுக்கான குறிப்பேடு. என்னைப் பற்றிய செய்திகள் பூச்சிகளைப் பாதிக்கும் அளவுக்கு மட்டுமே இதில் இடம்பெறும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வியாழன்தோறும் வரும் நஞ்சப்பன் பண்டிகையன்று வரமாட்டார் என்று கருதி ஒருவருக்கான பால்தான் வாங்கியிருந்தேன். சரியாக நான்கு மணிக்கு வந்தார். அவருடைய மகன் குடும்பம் பெங்களூரில்; மனைவி இறந்து ஆறு ஆண்டுகள். தட்டில் நான்கு அதிரசம் மூடிக் கொண்டுவந்திருந்தார்.

“என்னங்க டாக்டரம்மா, வெள்ளந்தி, கேடியெல்லாம் சௌக்கியமுங்களா? தீபாவளிக்குத் துணிமணி எடுத்துக் குடுத்தீங்களா?”

இப்பெயர்கள் அவர் வைத்தவை. இரண்டுமே வைர முதுகு அந்துப்பூச்சிதான். காலிபிளவரையும் முட்டைக்கோசையும் அரித்துத் தின்னும் பச்சைப் புழுவின் தாய். முதல் குலத்தை முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் நான் பல்கலைக்கழகத்தில் தொடங்கினேன். அறுநூற்றுச் சொச்சம் தலைமுறைகளாக அது எந்த விஷத்தையும் அறியாது. எந்த மருந்தின் வீரியத்தையும் அளக்க அப்படி ஒரு குலம் வேண்டும். நான் ஓய்வு பெற்றபின் பூச்சி அறையை மூடிக் கணினி அறையாக்கினார்கள். நான் அதைப் பெட்டியில் வைத்து நகரப் பேருந்தில் வடவள்ளிக்குக் கொண்டுவந்தேன். அதுவே வெள்ளந்தி. இரண்டாவது குலம் தொண்டாமுத்தூர்ப் பக்கத் தோட்டங்களில் பிடித்தது. கடையில் விற்கும் அத்தனை மருந்துகளிலும் குளித்துத் தேறியது. அதுவே கேடி.

நஞ்சப்பன் வேதியியலாளர். முப்பது ஆண்டுகள் எனக்கு அடுத்த ஆய்வகத்தில் இருந்தவர். அவர் வடித்த சீத்தாப்பழ விதைச் சாறு கடந்த மூன்று பருவங்களாக இரு குலங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் கொன்றுவருகிறது: நூற்றுக்கு எண்பதுக்கு அருகில். பூச்சிக்குப் பழக்கமில்லாத வழியில் வேலை செய்யும் மருந்து அப்படித்தான் இருக்கவேண்டும். இப்போது உழவர் குழு ஒன்றுக்கு அவரே அதைப் பீப்பாய் கணக்கில் தயாரித்துக் கொடுக்கிறார்.

“நானூறு பேர் பேர் குடுத்திருக்காங்க இந்த வருஷம்,” என்றார்.

“விதை போதுமா?”

“பாத்துக்கலாங்க.”

அதிரசத்தில் வெல்லம் அதிகம். இரண்டு தின்றேன்.

நவம்பர் 4, திங்கள்

வெள்ளந்தியில் முட்டைத் தொகுதி நன்று. கேடியும் பரவாயில்லை.

நவம்பர் 7, வியாழன்

காலையில் கடுகுக் கிண்ணங்களின் எண்களை உரக்கப் படித்தேன். வெள்ளிக்கிழமை முதல் புதன்கிழமை வரை குரலுக்கு வேலையில்லை. பயன்படுத்தாத கருவி பழுதடையும். இது பூச்சிகளைப் பாதிக்காது. எனினும் எழுதிவிட்டேன்.

நஞ்சப்பன் இந்தப் பருவத்துச் சரக்கில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பீப்பாய்கள் தோட்டங்களுக்குப் போய்விட்டனவாம். என் எண்ணிக்கைக்குப் பிறகே அனுப்புவது குழுவின் வழக்கம் என்று நினைவூட்டினேன்.

“நடவு முந்திருச்சுங்க. புழு நம்மளக் கேட்டுக்கிட்டா வருது? நீங்க பாத்துச் சொல்லுங்க. கோளாறுன்னா நிறுத்தச் சொல்லிரலாம்.”

பாட்டிலை மேசையில் வைத்தபின்னும் அவர் கை சிறிது நேரம் அதன் மூடியின் மேலேயே இருந்தது. மூட்டுவலி என்று எண்ணினேன்.

நவம்பர் 11, திங்கள்

சோதனைக்குரிய பருவத்தில் வெள்ளந்தி 260 புழுக்கள், கேடி 240. ஒரு முறை சோதிக்க ஒவ்வொரு குலத்திலும் அறுபது போதும்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்பதரைக்குத் தொடங்கினேன். காலிபிளவர் இலையை வட்டமாக வெட்டி, மருந்துநீரில் பத்து விநாடி முக்கி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு வட்டத்திலும் பத்துப் புழுக்கள். ஒவ்வொரு குலத்திலும் முப்பது மருந்துக்கு, முப்பது வெறும் நீருக்கு.

சீத்தா விதைச் சாறு அவசரப்படாது. புழு முதலில் தின்பதை நிறுத்தும், பிறகு சுருங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் சாகும். ஆகவே முதல் மணி நேரத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்பதை உறுதி செய்துகொள்ளவே பத்தரைக்கு மூடியைத் திறந்தேன்.

வெள்ளந்திப் புழுக்கள் துடித்துக்கொண்டிருந்தன. உடலை முறுக்கி, எட்டுப் போல வளைந்து, இலையிலிருந்து உருண்டு விழுந்து, விழுந்த இடத்தில் மீண்டும் முறுக்கின. இந்தத் துடிப்பை எனக்குத் தெரியும். எண்பதுகளில் புதிதாக வந்த ஒரு செயற்கை மருந்து இப்படித்தான் செய்தது. அதைப் பரிந்துரைத்த குழுவில் நானும் இருந்தேன். ஆறே ஆண்டுகளில் இப்பகுதிப் புழுக்கள் அதற்குப் பழகிவிட்டன. எந்தச் செடியின் விதையும் புழுவை இவ்வாறு ஆட்டாது.

பக்கத்து மூடியின் கீழ், அதே இலை, அதே மருந்து, கேடிகள் முப்பதும் நிதானமாகக் காலை உணவு உண்டுகொண்டிருந்தன.

மதியம் சமைக்கவில்லை. பசியில்லாததற்குக் காரணம் வெப்பம் 29.

நவம்பர் 13, புதன்

இருபத்து நான்கு மணி எண்ணிக்கை. வெள்ளந்தி: முப்பதுக்கு முப்பது இறப்பு. கேடி: முப்பதுக்கு நான்கு. வெறும் நீரில் வெள்ளந்தி ஒன்று, கேடி சுழி.

ஒரு முறை செய்தது முடிவு ஆகாது. மூன்று முறை திருப்பிச் செய்து ஒத்துவந்தால்தான் எழுதலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

மாலை கடைக்குச் சென்றபோது வெண்ணெய் பிஸ்கட் ஒரு பொட்டலம் வாங்கினேன். நான் பிஸ்கட் தின்பதில்லை.

நவம்பர் 14, வியாழன்

நான்கு மணிக்கு வந்தார். இரண்டாம் தேநீர் வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு, கூண்டைப் பார்த்தபடியே:

“எண்ணிக்கை ஏதாச்சும் ஆச்சுங்களா?”

“மூணு தடவை முடியட்டும். அதுக்கு முன்னாடி நான் வாயைத் திறக்கிறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுங்க, தெரியுங்க. முப்பது வருஷமா அதே பாட்டுத்தான்.”

அவர் தோள்கள் சற்றுத் தாழ்ந்தன. பிஸ்கட் ஐந்து எடுத்துக்கொண்டார். பழைய துறைத்தலைவர் ஒருவர் தம் அறையில் நுழைந்த அந்துப்பூச்சியைச் செருப்பால் அடித்து, அது என் ஆய்வுப் பூச்சி என்று அறிந்ததும் மன்னிப்புக் கடிதம் எழுதிய கதையை மீண்டும் சொன்னார். செருப்பின் அளவு ஒவ்வொரு முறையும் கூடிவருகிறது. ஆறரை வரை இருந்தார். வழக்கமாக ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்.

நவம்பர் 15, வெள்ளி

எழுபத்திரண்டு மணி எண்ணிக்கை. கேடி: முப்பதுக்கு ஐந்து. சோதனைக்கு எடுக்காமல் மீதமிருந்த நல்ல புழுக்களைக் கூட்டுப்புழு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த தலைமுறைக்குத் தாய்கள் வேண்டுமல்லவா.

நவம்பர் 17, ஞாயிறு

யாரும் இல்லை. வெப்பம் 25.

நவம்பர் 20, புதன்

இரண்டாம் முறை நேற்றுத் தொடங்கியது. வெள்ளந்தி முப்பது. கேடி மூன்று.

நவம்பர் 21, வியாழன்

மழை. வரமாட்டார் என்று எண்ணினேன். முட்டிவரை நனைந்து வந்தார். துவாலை கொடுத்தேன். பால்கார அம்மாள் பார்த்துவிட்டார். எழுபத்து நான்கு வயதில் நற்பெயர் கெடுவது ஒரு வகையில் இளமை.

நஞ்சப்பன் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. மகன் தம்மைப் பெங்களூருக்கு அழைப்பதாகவும், அங்கே அடுக்குமாடியில் பதினோராம் தளத்தில் தாம் என்ன செய்வது என்றும் கேட்டார்.

“எறும்பு கூட லிஃப்ட்லதான் ஏறி வரோணும் அங்க.”

“போகப் போறீங்களா?”

“இப்பத்தைக்கு இல்லீங்க. இங்க வேலை கெடக்குதே.”

ஏழு மணி வரை இருந்தார்.

நவம்பர் 25, திங்கள்

மூன்றாம் முறை தொடங்கினேன். பத்தரைக்குத் திறந்து பார்க்கவில்லை. தேவை இருக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. செவ்வாய்க்கிழமையில் மணி அடித்ததில் சற்றுத் திகைத்தேன். நரசீபுரத்திலிருந்து பழனாத்தாள். ஐம்பது வயதைக் கடந்தவர். இரண்டு ஏக்கர் காலிபிளவர். உழவர் குழுவின் நிர்வாகிகளில் ஒருவர். கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தது இதுவே முதல் முறை.

உட்காரவில்லை. துணிப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்து என் மேசையில் விரித்தார். நரம்புகள் மட்டும் இருந்தன. இலை என்று அதைச் சொல்வது மரியாதைக்காக.

“பாருங்கம்மா. பதினஞ்சாந்தேதி அடிச்சேன். ஒரு வாரங் களிச்சு மறுக்கா அடிச்சேன். புழு உழுகவே மாட்டீங்குது. பூவுக்குள்ளயே எறங்கிருச்சுங்க. போன வருசம் இதே மருந்து அடிச்சு மூணாம்நாள் காடு சுத்தமா இருந்துச்சு.”

“தண்ணி எவ்வளவு கலந்தீங்க?”

“நஞ்சப்பண்ணன் சொன்ன அளவுதானுங்க. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?” கூண்டுகளைப் பார்த்தார். “இதுகளுக்கு அடிச்சுப் பாத்தீங்களா? என்ன சொல்லுதுக?”

“சோதனை இன்னும் முடியலை.”

“எப்ப முடியுமுங்க?”

“வியாழக்கிழமை.”

“சரிங்க. நீங்க படிச்சவங்க, அவசரப்படமாட்டீங்க. நாளைக்கு இன்னொருக்கா அடிச்சுப் பாக்கறனுங்க. வேற என்ன பண்ணட்டும்?”

தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். தெருமுனை வரை சென்று வழியனுப்பினேன். அது என் வழக்கமன்று. பேருந்து வர எட்டு நிமிடங்கள் ஆயின. மழையைப் பற்றிப் பேசினோம்.

நவம்பர் 27, புதன்

வெள்ளந்தி முப்பது. கேடி நான்கு. மூன்று முறையும் ஒத்துவந்துவிட்டது.

இலை இன்னும் மேசையில் இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

தேநீருக்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். தேநீருக்குப் பிறகு சொன்னேன்.

“வெள்ளந்தி மூணு தடவையும் முழுக்கச் செத்துப்போச்சு. கேடியிலே ஆறுலே ஒண்ணுகூடச் சாகலை.”

அவர் கரண்டியால் காலிக் குவளையைக் கலக்கினார்.

“மொத மணி நேரத்துலயே பாத்திருப்பீங்களே டாக்டர்.”

“பார்த்தேன்.”

“துடிச்சிருக்கும்.”

“துடிச்சது. என்ன போட்டீங்க, எவ்வளவு போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். நான் நினைத்த மருந்துதான். பிறகு, நான் கேட்காமலே, மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

“விதை தொண்ணூறு பேருக்குத்தானுங்க இருந்துச்சு. போன மழைக்குச் சீத்தாவே காய்ப்பில்லை. நானூறு பேரும் வந்து முன்னால உக்காந்திருக்காங்க. யார எந்திரிச்சுப் போகச் சொல்றது? தண்ணி ஊத்தி நீட்டுனேன். நீட்டுனா வேகமில்லை. அதுக்கு அந்தப் பழைய மருந்தக் கொஞ்சம் கலந்தேனுங்க.”

“கேடிக்கு அது பச்சைத்தண்ணி. அதை நிரூபிச்ச கட்டுரையிலே உங்க பேரும் இருக்கு, நஞ்சப்பன்.”

“இருக்குதுங்க. எல்லாத் தோட்டத்துலயுமா கேடி இருக்கப்போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.”

எனக்கு விளங்காத ஒன்று மிச்சமிருந்தது. “தொண்ணூறு பேருக்கு வடிச்ச நல்ல சாறு கைவசம் இருந்ததே. அதிலே ஒரு பாட்டில் எங்கிட்டே கொடுத்திருந்தா இரண்டு குலமும் ஒழுங்காச் செத்திருக்கும். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“பாட்டில மாத்தறதுக்குத்தான் மொத எடுத்தேன். கை வரலீங்க. உங்ககிட்ட ரெண்டு குலமும் இருக்குதுன்னு தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்.” கூண்டைப் பார்த்தார். “அடுத்த வியாழனே புடிச்சுருவீங்கன்னு இருந்தேன். மூணு தடவைன்னுட்டீங்க. எனக்கும் அது சௌகரியமாப் போச்சு.”

எனக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிறன்று குழுவைக் கூட்டிச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். அதுவரை யாரும் மருந்து அடிக்கவேண்டாம் என்று அவரே என் முன்னால் அமர்ந்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். பழனாத்தாளின் எண்ணுக்கு வந்தபோது என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் பேசினேன். நேற்றே அடித்துவிட்டாராம்.

டிசம்பர் 1, ஞாயிறு

குழுவின் கொட்டகையில் அறுபது பேர் இருந்தார்கள். தகரக் கூரை, பத்து மணிக்கே வெக்கை. நான் அறிக்கையை எடுக்குமுன் நஞ்சப்பன் எழுந்து நின்றார். எதையும் குறைக்காமல், எதையும் அலங்கரிக்காமல், தாம் செய்ததை நான்கு வாக்கியங்களில் சொல்லி முடித்தார். அவர் எழுதிய எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

கூச்சல் எழுந்தது. எழவேண்டியதுதான். “உங்கள நம்பித்தானே கடை மருந்த உட்டோம்” என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். நஞ்சப்பன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

பிறகு நான் எண்களைப் படித்தேன். கூட்டம் அமைதியானது. எண்களுக்கு அந்த வசதி உண்டு. முடித்து உட்காரப் போகையில் பழனாத்தாள் கேட்டார்:

“டாக்டரம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

நான் வாய் திறக்குமுன் நஞ்சப்பன் சொன்னார்: “வியாழக்கெழமைதானம்மா. நான் ஒத்துக்கிட்டதுக்கு அப்பறந்தான் அவங்களுக்கே தெரியும். அவங்க மேல ஒண்ணுமில்லை.”

அறுபது பேர் முன்னிலையில் அவமானப்பட்டு நின்ற மனிதர், மிச்சமிருந்த மரியாதையைக் கொண்டு எனக்காக ஒரு பொய் வாங்கினார். யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. நான் தலையைக்கூட அசைக்கவேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தால் போதும்.

“நவம்பர் பன்னிரண்டு,” என்றேன். “காலை பத்தரை மணி.”

பழனாத்தாள் விரல் விட்டு எண்ணினார்.

“பதினாறு நாளுங்க. அதுக்குள்ள நான் மூணு தடவை அடிச்சிருக்கேன். மூணாவது, உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போன மக்கா நாளு.”

“ஆமாம்.”

“மூணு தடவை பாக்கோணும்னு உங்க படிப்புல இருக்குதாமே. அதுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருந்தீங்களா?”

விடையையும் அவரே கொடுத்துவிட்டார். உண்மையில் நான் வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுவந்த விடையும் அதுதான். பேருந்தில் இரண்டு முறை ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

“இல்லை. புழு நிறையவே இருந்தது. மூணையும் ஒரே நாளிலே செஞ்சிருக்கலாம். ஒரு தடவை பார்த்ததை வெச்சே அடிக்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம்.”

“அப்பறம் ஏனுங்க?”

நஞ்சப்பன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மிக இலேசாகத் தலையசைத்தார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“சொல்லிட்டா இவர் வியாழக்கிழமை வரமாட்டார்.”

யாராவது சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பின்வரிசையில் ஒருவர் இருமினார். பழனாத்தாள் என்னை நெடுநேரம் பார்த்தார். புழு அரித்த செடியைப் பிடுங்குவதா, விடுவதா என்று பார்ப்பவரைப் போல.

“நரசீபுரம் ஒண்ணும் தூரமில்லீங்களே,” என்றார் கடைசியில். “வந்திருந்தா நானுந்தான் டீ வெச்சுக் குடுத்திருப்பேன். ரெண்டேக்கர் போகாம இருந்திருக்கும்.”

அவர் அதைக் கருணையோடு சொல்லவில்லை. இடித்துரைத்ததாகவும் தோன்றவில்லை. கூட்டம் அடுத்த செய்திக்குச் சென்றது: மிஞ்சிய பீப்பாய்களை எந்தக் குழியில் கொட்டுவது, கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கவேண்டும். அதற்கு நான் விடை சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

முடிந்தபின் யாரும் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன், அது வேறு. நஞ்சப்பன் கொட்டகையின் மறுபக்கமாக வெளியேறினார். பெங்களூருக்குப் போவாரா என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்வியில் எனக்கிருந்த ஆதாயம் இப்போது ஊருக்கே தெரியும்.

டிசம்பர் 2, திங்கள்

காலை ஆறரைக்கு உணவு மாற்றினேன்.

அறிக்கையைத் திருத்தி எழுதினேன். முதல் பத்தியில், முதன்முதலாகக் கண்டறிந்த நாளும் நேரமும். அடுத்து, அறிவிக்கப்பட்ட நாள். இடைப்பட்ட பதினாறு நாட்களுக்குக் காரணம் என்று ஒரு வரி விட்டு, ‘ஆய்வாளரின் தவறு’ என்று நிரப்பினேன். கையெழுத்திட்டு மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று குழுவுக்கு. ஒன்று நஞ்சப்பனுக்கு. இரண்டையும் அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.

மூன்றாவது பழனாத்தாளுக்கு. அதற்கு அஞ்சல்தலை ஒட்டவில்லை. நரசீபுரம் பேருந்து காலை ஒன்பது பத்துக்கு.